மீன் தொட்டியில் 96 மணி நேரம்: எல்சி50 எண் எப்படி வருகிறது?

[திரையில்: ஒரு கெமிக்கல் டிரம். அதனுடன் வந்த பாதுகாப்புத் தகவல் தாளின் 12-ஆம் பகுதி]

தொழிற்சாலைக்கு கெமிக்கல் டிரம் வந்தால் கூடவே ஒரு பாதுகாப்புத் தகவல் தாளும் வரும். கையில் பட்டால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் படிப்பவர்கள்கூட 12-ஆம் பகுதிக்கு வருவது குறைவு. அங்கே இப்படி ஒரு வரி இருக்கும்: "எல்சி50, மீன், 96 மணி: 5.2 மி.கி./லி." இந்த எண் நாம் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டது. ஆனால் வரியின் வடிவம் எங்கும் இதுதான்.

தண்ணீரில் லிட்டருக்கு 5.2 மில்லிகிராம் இந்தப் பொருள் இருந்தால், நான்கு நாளில் சோதனை மீன்களில் பாதி சாகும் என்பது இதன் பொருள். எண் சிறியதாக இருந்தால் விஷம் கடுமையானது. 1 மில்லிகிராமோ அதற்குக் கீழோ வந்தால், கெமிக்கல்களின் ஆபத்தைத் தரம் பிரிக்கும், உலக அளவிலான ஜிஎச்எஸ் வகைப்பாட்டில் அது முதல் பிரிவு. காய்ந்த மரமும் செத்த மீனும் போட்ட அந்தச் சின்னம் டிரம்மில் ஏறிவிடும். 1-க்கு மேல் 10 வரை இரண்டாம் பிரிவு, 10-க்கு மேல் 100 வரை மூன்றாவது.

சரி, இந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

[திரையில்: வரிசையாக ஆறு கண்ணாடித் தொட்டிகள்]

உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் செய்முறை ஒன்று இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்புக்காகப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் ஓஇசிடி அமைப்பின் 203-ஆம் சோதனை வழிகாட்டி. முதலில் 1981-இல் வந்தது, கடைசிப் பெரிய திருத்தம் 2019-இல். ஜீப்ரா மீன், சாதாக் கெண்டை, கப்பி, ஜப்பானின் மெடாகா, ரெயின்போ ட்ரவுட் என்று சில இனங்களை அது அனுமதிக்கிறது. மீன்களை வாங்கி வந்த அன்றே தொட்டியில் விட முடியாது. ஒரு வாரத்துக்கு மேல் ஆய்வகத் தண்ணீரில் வைத்துப் பழக்க வேண்டும். அந்தச் சமயத்தில் நோய் வந்து நிறைய செத்தால் அந்தக் கூட்டத்தையே ஒதுக்கிவிட வேண்டும்.

சோதனைக்கு முந்தைய நாளோடு தீனி நிறுத்தப்படும். நான்கு நாளும் பட்டினிதான். கொடுமைக்காக அல்ல. தீனியும் எச்சமும் கெமிக்கலை உறிஞ்சிக்கொள்ளும், ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

ஐந்து தொட்டிகளில் ஐந்து செறிவுகள். நம் உதாரணத்தில் லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம். ஒவ்வொன்றும் முந்தையதைப்போல இரண்டு மடங்கு. வழிகாட்டி 2.2 மடங்கு வரை போகலாம் என்கிறது. ஆறாவது தொட்டியில் வெறும் தண்ணீர், அதுதான் கன்ட்ரோல். தொட்டிக்கு ஏழு மீன், ஆக 42 மீன்கள்.

கன்ட்ரோல் தொட்டி சும்மா ஒப்புக்கு வைப்பதல்ல. அதில் ஒன்றுக்கு மேல் மீன் செத்தால் சோதனையே செல்லாது. தண்ணீரோ மீனோ சரியில்லை என்று அர்த்தம். கரைந்த ஆக்சிஜன், அந்த வெப்பநிலையில் தண்ணீர் தாங்கக்கூடிய முழு அளவில் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் அப்படித்தான். செத்தது விஷத்தாலா, மூச்சுத் திணறியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

[திரையில்: தொட்டியின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்]

முதல் நாள் சில முறை, அப்புறம் தினமும் இரண்டு முறை பார்க்கிறார்கள். மீன் செத்துவிட்டது என்று எழுத இரண்டு அடையாளங்கள் வேண்டும்: செவுள் மூடி அசையக் கூடாது, வால் அடியை மெல்லத் தொட்டாலும் அசைவு இருக்கக் கூடாது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் குறித்தால் போதாது. ஒருக்களித்து நீந்துவது, மேலே வந்து காற்றுக்கு ஏங்குவது, நிறம் கருத்துப்போவது எல்லாம் பதிவாக வேண்டும் என்று 2019 திருத்தம் வலியுறுத்துகிறது. சாகக் கிடக்கும் மீனைத் துன்பப்பட விடாமல் முன்பே முடித்துவிடவும் வழி செய்திருக்கிறது.

ஏன் 96 மணி நேரம்? திங்கட்கிழமை ஆரம்பித்தால் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும் என்று இத்துறையினர் வேடிக்கையாகச் சொல்வார்கள். முழுக்க வேடிக்கை என்று தோன்றவில்லை.

கணக்கைப் பார்த்துவிடலாம். 1-லும் 2-லும் எந்த மீனும் சாகவில்லை. 4-இல் இரண்டு, 8-இல் ஆறு, 16-இல் ஏழும் செத்தன என்று வையுங்கள். பாதிச் சாவு 4-க்கும் 8-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. செறிவுகள் மடங்குகளாக ஏறுவதால் மடக்கை அளவுகோலில் இடம் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 5.2. ஆய்வகங்களில் இதற்கு புரோபிட் போன்ற புள்ளியியல் முறைகள் உண்டு, பிழை வரம்பும் சேர்த்துத் தருவார்கள். கணக்கு இவ்வளவுதான்.

[திரையில்: தொட்டியிலிருந்து சிறு குப்பியில் நீர் எடுக்கும் கை]

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. மீன் உண்மையில் எவ்வளவு கெமிக்கலில் நீந்தியது என்பதைச் சொல்வதுதான் இந்தச் சோதனையின் பெரும்பாடு. நாம் 8 மில்லிகிராம் போட்டோம், சரி. ஆனால் சில பொருள்கள் ஆவியாகிப் போகும். சில கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். சில தண்ணீரோடு வினைபுரிந்து சில மணி நேரத்தில் வேறு பொருளாகிவிடும். நான்காம் நாள் அளந்தால் 2 மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால், "8-இல் மீன் பிழைத்தது" என்று எழுதுவது பொய். தொடக்க அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், அளந்து பார்த்த செறிவை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இந்த உதாரணத்தில் பெருக்கல் சராசரி, அதாவது 8-ஐயும் 2-ஐயும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம், 4 ஆகிறது. போட்ட அளவை நம்பியிருந்தால், பொருள் இருப்பதைவிடப் பாதி விஷம்தான் என்று காட்டியிருக்கும். இதனால்தான் தினமும் கரைசலை மாற்றுகிறார்கள், அல்லது புதுக் கரைசல் ஓயாமல் பாய்ந்துகொண்டே இருக்கும்படி அமைக்கிறார்கள்.

இதெல்லாம் ஆய்வகத்துக்காரர்களின் நுணுக்கக் கவலை என்று நினைத்தால், டயர் கதையைக் கேளுங்கள்.

[திரையில்: மழையில் நனைந்த நெடுஞ்சாலை, பக்கத்தில் ஒரு சிற்றாறு]

அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், முட்டையிட ஆறு ஏறி வரும் கோஹோ சால்மன்கள், மழை பெய்த பிறகு முட்டையிடாமலேயே செத்துக்கொண்டிருந்தன. மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து, சுற்றிச் சுற்றி வந்து, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். சாலையிலிருந்து வழியும் மழைநீர்தான் காரணம் என்று தெரிந்தது. அதில் எந்தப் பொருள் என்பது பல ஆண்டுகள் தெரியவில்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து டயர் தூளை நீரில் ஊறவைத்தார்கள். அதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் கோஹோ குஞ்சுகளை விட்டுப் பார்த்து, கொல்லும் பகுதியை மட்டும் மேலும் பிரித்துக்கொண்டே போனார்கள். கடைசியில் மிஞ்சியது 6பிபிடி-குவினோன். டயர் ரப்பரில் விரிசல் விழாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி, காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து உண்டாவது இது. அதாவது, எந்தத் தொழிற்சாலையும் தயாரித்து டிரம்மில் அடைத்து விற்காத பொருள். 12-ஆம் பகுதியில் அதற்கு வரி எப்படி இருக்கும்?

2020 டிசம்பரில் வெளியான முடிவில், கோஹோவுக்கு எல்சி50 லிட்டருக்கு 0.8 மைக்ரோகிராம். மில்லிகிராம் அல்ல, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம். பிறகு விற்பனைக்கு வந்த தூய மாதிரியை வைத்து அளவீட்டைச் சரிபார்த்தபோது, முன்பு தண்ணீரில் இருந்ததாகக் கணக்கிட்ட அளவே மிகை என்று தெரிந்தது. 2022-இல் திருத்திய எண் 0.095 மைக்ரோகிராம். சோதனை பிசகவில்லை, அளக்கும் கோல் பிசகியிருந்தது. விளைவு, எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இன்னொன்று. கோஹோவின் நெருங்கிய உறவான சம் சால்மனை இதே நீர் கொல்லவில்லை. ரெயின்போ ட்ரவுட்டைக் கொல்கிறது. ஆய்வகங்கள் அதிகம் வளர்க்கும் ஜீப்ரா மீனும் மெடாகாவும் செளக்கியமாக நீந்துகின்றன. ஜீப்ரா மீனில் மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பொருளுக்கு "மீனுக்கு ஆபத்தில்லை" என்று சான்றிதழே கிடைத்திருக்கும். தாளில் "மீன்" என்று மட்டும் போட்டு இனத்தின் பெயரை விட்டுவிடும் நிறுவனங்கள் மீது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

[திரையில்: நுண்ணோக்கியில் ஜீப்ரா மீன் கரு, துடிக்கும் இதயம்]

இத்தனை மீன்களைக் கொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. 2013-இல் வந்த 236-ஆம் வழிகாட்டி, வளர்ந்த மீனுக்குப் பதில் ஜீப்ரா மீனின் கருவைப் பயன்படுத்துகிறது. கரு கட்டிதட்டிப்போனதா, உடல் கண்டங்கள் உருவாகவில்லையா, வால் மஞ்சள் கருவிலிருந்து பிரியவில்லையா, இதயம் துடிக்கவில்லையா என்று நான்கு அடையாளங்கள். 2021-இல் வந்த 249-ஆவது, ட்ரவுட் செவுளிலிருந்து எடுத்து வளர்த்த உயிரணுக்களில் 24 மணி நேரச் சோதனை. மீனே தேவையில்லை.

நம் ஊர்த் தொழிற்சாலைகளுக்கும் 96 மணி நேரம் தெரிந்த கணக்குதான். இந்தியாவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன் பொதுவான கழிவுநீர்த் தரப் பட்டியலில் ஒரு வரி: 100 சதவீதக் கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். இங்கே எல்சி50 கிடையாது, நீர்த்துப்பார்ப்பது கிடையாது. வெளியே போகும் நீரிலேயே மீன் வாழ வேண்டும்.

அதே பட்டியலில், ஆறு ஏரிகளில் விடும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை, தனி அம்மோனியா 5 வரை இருக்கலாம், பிஎச் 5.5 முதல் 9 வரை இருக்கலாம் என்றும் உண்டு. அம்மோனியா நைட்ரஜன் என்பது தண்ணீரிலுள்ள எல்லா வடிவ அம்மோனியாவும் சேர்ந்தது; அதில் அம்மோனியம் அயனியாக மாறாமல் இருக்கும் பங்குதான் தனி அம்மோனியா. மீனைக் கொல்வது பெரும்பாலும் இந்தத் தனி அம்மோனியாதான். அது எவ்வளவு என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. 25 டிகிரியில், பிஎச் 7 என்றால் அந்த 50-இல் சுமார் 0.3 மில்லிகிராம்தான் தனி அம்மோனியா வடிவில் இருக்கும். பிஎச் 8-இல் அது ஏறக்குறைய 2.7. இது 5-க்கு உள்ளேதான். ஆனாலும் பல நன்னீர் மீன்களுக்குக் கொல்லும் அளவு. மூன்று வரிகளிலும் தேறிய கழிவுநீர், நான்காவது வரியில், மீன் தொட்டியில், தோற்றுப்போகலாம்.

அதோடு, ஆக்சிஜனுக்காகத் தொட்டியில் காற்றை ஊதினால் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பிஎச் தானாகவே ஏறும். காலையில் 7.2 இருந்த நீர் மறுநாள் 8-ஐத் தாண்டி நிற்கும், யாரும் எதையும் சேர்க்காமலே. ஆகவே மீன் செத்த அறிக்கை கையில் வந்தால், சாவு எண்ணிக்கைக்கு முன்னால் நான்கு நாளின் பிஎச் பதிவைக் கேட்டு வாங்குங்கள்.