வார்டில் ஆளில்லை, வாசலில் வரிசை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே அமர்ந்து இன்னும் கொஞ்ச நேரத்தில் என்மேல் கோபப்படப்போகும் நண்பர்களுக்கும், நைட் டூட்டி முடித்துத் தூங்காமல் வந்து கடைசி வரிசையில் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

நர்சிங் படித்தவர்களுக்கு வேலை கிடைக்காததற்குக் காரணம் பெருகிவிட்ட கல்லூரிகளா, பெருகாத பணியிடங்களா? இதுதான் தலைப்பு. பெருகாத பணியிடங்களே என்று பேச வந்திருக்கிறேன். முதலில் வார்டில் நின்றவள், அப்புறம் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தவள் நான். அதனால் இரண்டு பக்கத்து அழுக்கும் எனக்குத் தெரியும்.

எதிரணிப் பேராசிரியர் கணக்கோடு வந்தார். 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 புதிய நர்சிங் கல்லூரிகளுக்கு 1,570 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது, அதில் 11 தமிழ்நாட்டுக்கு என்றார். படித்தவர்களே வீட்டில் இருக்கும்போது இன்னும் எதற்குக் கல்லூரி என்று கேட்டார். நல்ல கைத்தட்டல். நானும் தட்டினேன். சொந்தமாக ஒரு ஆஸ்பத்திரிகூட இல்லாமல், பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி யாரோ ஒருவருடைய வார்டில் வேடிக்கை பார்க்க வைத்துவிட்டுப் பட்டம் கொடுக்கும் கல்லூரிகளை நான் ஆதரிக்க முடியாது. ஆனால் ஐயா, அந்தக் கல்லூரிகளை எல்லாம் நாளைக் காலையிலேயே பூட்டிவிடுவோம். நாளை ராத்திரி வார்டில் ஒரு நர்ஸாவது கூடுதலாக நிற்பாளா?

அந்த வார்டுக்குள் ஒருமுறை போய்விட்டு வருவோம். பொது ஆண்கள் வார்டு, இரவு இரண்டு மணி. படுக்கைகள் நிறைந்து, மிச்சம் பேர் பாய் விரித்துத் தரையில். டூட்டியில் ஒரே ஒரு சிஸ்டர். ஒரு பக்கம் புது அட்மிஷன், மூச்சுத் திணறல், ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கிறாள். மறுபக்கத்திலிருந்து ஒரு குரல்: "சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிருச்சு!" இந்த வசனத்தைச் சொல்லாதவர் இந்த அரங்கத்தில் யாராவது உண்டா? சிஸ்டர் வர நேரமாகிறது. டியூபில் ரத்தம் ஏறுகிறது. நோயாளியின் மச்சான் எழுந்து, அந்தச் சின்ன உருளையைக் கட்டை விரலால் உருட்டித் தானே அடைக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அடைத்துக் கொடுக்கிறார். விடிவதற்குள் அவர் அரை நர்ஸ் ஆகிவிடுகிறார், நடுவர் அவர்களே. சம்பளம் இல்லாத, பதிவெண் இல்லாத அரை நர்ஸ். நாட்டில் நர்ஸ் அதிகமாகிவிட்டார்கள் என்றால் மச்சான் எதற்கு டூட்டி பார்க்கிறார்?

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். ஏழு நாளைக்கு 21. ஒருவர் வாரம் ஆறு ஷிஃப்ட் பார்க்கலாம். அப்படியானால் ஒரே ஒரு இடத்தில் எந்நேரமும் ஒரு நர்ஸ் நிற்க மூன்றரை பேர் வேண்டும். அரை ஆளை எங்கே தேடுவது? நாலு பேர். காய்ச்சல் லீவு, பிரசவ லீவு நர்ஸுக்கும் உண்டு, அதை நான் சேர்க்கவே இல்லை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் நாம் வகுப்பில் நடத்தும் விதி. பத்துப் படுக்கை ஐ.சி.யூ. என்றால் நாற்பது பேர். நாற்பது பேர் இருக்கும் பத்துப் படுக்கை ஐ.சி.யூ. நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று எதிரணி காட்டட்டும், நான் மேடையை விட்டு இறங்கிவிடுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று நர்ஸ் போதும் என்று வகுத்துவைத்தார்கள். ஒருத்திக்கு லீவு என்றால் மற்ற இரண்டு பேருக்கும் பன்னிரண்டு மணி நேரம். ராத்திரி வலியோடு வருகிறவளுக்கும் அவள்தான், பாம்புக்கடியோடு வருகிறவனுக்கும் அவள்தான்.

பந்தியில் இலையே போடாமல் விருந்தாளி அதிகமாகிவிட்டார்கள் என்று சொல்வது போலத்தான் இருக்கிறது எதிரணியின் வாதம்.

சரி, அந்த இடங்களில் இப்போது யார் வேலை பார்க்கிறார்கள்? இதை எதிரணி தொடவே இல்லை. தொட்டால் சுடும் என்று தெரியும். முதலாவது, கல்லூரி மாணவிகள். சொந்த ஆஸ்பத்திரி உள்ள கல்லூரிகள் சிலவற்றில் டூட்டி ரோஸ்டரே மாணவிகளை நம்பித்தான் ஓடுகிறது. கற்றுக்கொள்ள வந்தவள் ஊசி போடுகிறாள், கேஸ் ஷீட் எழுதுகிறாள், இதற்கு அவள் வீட்டிலிருந்து ஃபீஸும் கட்டுகிறார்கள். இறுதியாண்டு முடித்து "வேலை வேண்டும்" என்று அதே வாசலில் வந்து நிற்கும்போது, அவள் இடத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை நிற்கிறது. இரண்டாவது, ஆறு மாதக் கோர்ஸ். நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு யூனிஃபார்மை மாட்டிவிட்டால், நோயாளிக்கு எல்லோரும் "சிஸ்டர்"தான். நாலு வருடம் பி.எஸ்சி. படித்தவளை வைத்தால் கூடச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை, அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்கள்தான். என்னிடம் படித்த ஒருத்தி, நல்ல மார்க், ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். சம்பளம் ஐந்து இலக்கத்தைத் தொடவில்லை. கேட்டதற்கு, "இதே காசுக்கு வெளியில் ஆள் நிற்கிறார்கள்" என்றார்களாம். ஆள் மிஞ்சிக் கிடப்பது யாருக்கு லாபம் என்று இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது.

இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒரு குழு அமைக்கச் சொன்னது. ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாக, என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸுகள் தெருவில் இறங்கிப் போராடி 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவிக்க வைத்தார்கள். இந்தப் பக்கம் அந்தப் பரிந்துரை இன்னும் காகிதத்தில் படுத்திருக்கிறது. அதற்கும் அட்மிஷன் போட்டுவிட்டார்கள் போல.

அரசு வேலைக்கு வருவோம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நாம் எம்.ஆர்.பி. என்கிறோமே, அது 2015-இல் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கில் நர்ஸுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று பேச்சு. இரண்டு வருடம் முடிந்தது, பேச்சு முடியவில்லை. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில், மருத்துவத் துறைத் தலைமை அலுவலகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போய்ப் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். அப்புறம் கொரோனா. 2020-இல் ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டபோது, 14,000 ரூபாய்க்கு அவசர அவசரமாக ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். வீட்டில் சும்மா இருந்த நர்ஸுகளைத் தேடித் தேடி எடுத்தார்கள், எதிரணியினரே! 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். புத்தாண்டை சேலத்திலும் சென்னையிலும் போராட்டத்தில்தான் கொண்டாடினார்கள். நியமனத்தில் இடஒதுக்கீட்டு விதி பின்பற்றப்படவில்லை என்று அரசு காரணம் சொன்னது. மாவட்ட அளவில் 18,000 ரூபாய்க்கு வேறு தற்காலிக வேலை தருகிறோம் என்றும் சொன்னது. மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அதுவும் தற்காலிகம்தானே? ஒப்பந்தம் முடிந்த மறுநாள் வார்டில் நோயாளி குறைந்துவிட்டாரா?

அடுத்து, தம்பி ஒருவர் பிலிப்பைன்ஸைக் காட்டினார். இரண்டாயிரங்களில் அங்கே டாக்டர்களே நர்சிங் படித்தார்கள், அமெரிக்க விசா இறுகியதும் நர்ஸுகள் தேங்கிப்போனார்கள், அனுபவச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குத் தாங்களே பணம் கட்டி "வாலண்டியர்" ஆக நின்றார்கள் என்றார். அத்தனையும் உண்மை. தம்பி பாதிக் கதையில் மைக்கை வைத்துவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். நீங்கள் கேட்கும் வைத்தியத்தையே அவர்கள் செய்து பார்த்தார்கள். புதிய நர்சிங் படிப்புகளுக்குத் தடை. வருடக்கணக்கில் தடை. 2022-இல் நர்ஸ் போதவில்லை என்று தடையை எடுத்தார்கள். 2023-இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறைச் செயலர் டெட் ஹெர்போசா, அரசு மருத்துவமனைகளில் 4,500 இடம் காலியாக இருக்கிறது, லைசென்ஸ் தேர்வில் கொஞ்சத்தில் தவறியவர்களையாவது உதவியாளராக எடுக்கலாமா என்று யோசனை சொன்னார். கல்லூரிக்குப் பூட்டுப் போட்டார்கள், வார்டும் காலியாகத்தான் இருந்தது. சம்பளமும் பணியிடமும் சரியாக இல்லாததால் பாஸ் செய்தவர்கள் விமானம் ஏறிவிட்டார்கள்.

"அப்படியானால் இவர்களும் விமானம் ஏறட்டுமே" என்கிறார் பேராசிரியர். ஏறலாம். ஆனால் வளைகுடாவுக்கு அனுபவம் கேட்பார்கள், இங்கிலாந்துக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. அனுபவம் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ., டயாலிசிஸ் என்று சான்றிதழ் வேண்டும். உள்ளூரில் வேலையே கொடுக்காமல் அனுபவத்துக்கு எங்கே போவாள்? முதல் பணியிடம் இங்கே திறந்தால்தான் அந்த வாசலும் திறக்கும்.

நடுவர் ஐயா மணியை எடுத்துவிட்டார். நைட் டூட்டியில் இந்த மாதிரி மணி அடித்தால் ஓடித்தான் ஆகவேண்டும், நானும் முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்து வரும் அம்மையாரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் உங்கள் அப்பா படுத்திருக்கிறார், இரவு இரண்டு மணி, டிரிப்ஸ் முடிந்துவிட்டது. இந்த ஊரில் நர்ஸுகள் மிஞ்சிப்போய்விட்டார்கள் என்று அந்த நேரத்தில், அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று சொல்வீர்களா? பதிலை இந்த மைக்கிலேயே சொல்லுங்கள்.