மொகாலியில் பற்றிய தீயும் தொலேராவில் எழும் ஆலையும்

(கோவையில் பாலிடெக்னிக் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

சிப் தொழிற்சாலை என்றதும் இப்போது எல்லோரும் குஜராத்தையும் அசாமையும்தான் சொல்கிறார்கள். குஜராத்தின் தொலேராவில் டாடா நிறுவனம் தைவானின் பவர்சிப் நிறுவனத்துடன் சேர்ந்து 91,000 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஆலை கட்டுகிறது. அசாமின் ஜாகிரோடில் சிப்புகளை வெட்டி, உறையிட்டு, சோதிக்கும் ஆலை, 27,000 கோடியில். குஜராத்தின் சாணந்தில் அமெரிக்காவின் மைக்ரான் நிறுவனம். இவற்றுக்கெல்லாம் பின்னால் 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த 76,000 கோடி ரூபாய்த் திட்டம் இருக்கிறது. செலவில் பாதி வரை மத்திய அரசே தருகிறது.

ஆனால் நான் மொகாலியிலிருந்து தொடங்குகிறேன். இந்தியா சிப் செய்யக் கிளம்பியது இது முதல் முறை அல்ல. அந்த முதல் முறையைப் பற்றி உங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது.

சண்டிகரை ஒட்டிய மொகாலியில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற அரசு நிறுவனம் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்க நிறுவனம் ஒன்றிடமிருந்து பெற்ற 5 மைக்ரான் தொழில்நுட்பம். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிப்பில் வரையும் கோடுகளின் அளவு அது, சிறுக்கச் சிறுக்கத் தொழில்நுட்பம் புதிது. அன்றைக்கு உலகத்தின் முன்வரிசையை விட நாம் சில ஆண்டுகள்தான் பின்னால் இருந்தோம். எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம். 1989 பிப்ரவரி 7 அன்று அங்கே தீப்பிடித்தது. ஆலையின் இதயப் பகுதியே சாம்பலானது. தீ எப்படிப் பற்றியது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை வாட்டுவது தீ அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. ஆலை மறுபடி ஓடுவதற்கு 1997 ஆகிவிட்டது.

அந்த எட்டு ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று தைவானைப் பார்த்தால் தெரியும். அவர்கள் 1976-இல் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்திடம் 7 மைக்ரான் தொழில்நுட்பத்தை வாங்கினார்கள். அப்போதே அது பழசு. இளம் பொறியாளர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பழக வைத்தார்கள். திரும்பி வந்தவர்கள் 1977-இல் தைவானின் சிஞ்சு நகரில் ஒரு மாதிரி ஆலையை ஓட்டினார்கள். கொஞ்ச காலத்தில் அதன் யீல்டு, அதாவது செய்ததில் தேறும் சிப்புகளின் விகிதம், கற்றுக்கொடுத்த ஆர்.சி.ஏ.வின் யீல்டையே தாண்டிவிட்டது. அப்புறம் 1980-இல் யு.எம்.சி., 1987-இல் மாரிஸ் சாங் தலைமையில் டி.எஸ்.எம்.சி. என்று சிப் நிறுவனங்கள் பிறந்தன. டி.எஸ்.எம்.சி.யின் முதலீட்டில் ஏறக்குறைய பாதி அரசுப் பணம், கால் பங்குக்கு மேல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் போட்டது. மொகாலி எரிந்தபோது டி.எஸ்.எம்.சி.க்கு இரண்டு வயது. மொகாலி மறுபடி எழுந்த அதே 1997-இல் டி.எஸ்.எம்.சி. நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலாகிவிட்டது.

யீல்டு என்றேனே, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 12 அங்குல வேஃபர் என்பது பளபளக்கும் சிலிக்கான் வட்டு. தடிமன் முக்கால் மில்லிமீட்டர் சொச்சம். அதன்மேல் படலம் படிய வைப்பது, ஒளி பட்டால் மாறும் போட்டோரெசிஸ்ட் என்ற பூச்சைப் பூசுவது, ஒளியால் வரைவது, அரித்தெடுப்பது, கழுவுவது, மறுபடியும் படிய வைப்பது என்று நூற்றுக்கணக்கான படிகள். ஒரு வேஃபர் உள்ளே போய் வெளியே வர இரண்டு மூன்று மாதம் ஆகும். இதெல்லாம் நடக்கும், தூசியை வடிகட்டிய கிளீன் ரூமுக்குள் போகிறவர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடை போட வேண்டும். முகத்தில் பவுடர்கூடக் கூடாது. ஒரு பகுதியில் விளக்குகள் எல்லாம் மஞ்சளாக எரியும். நீல ஒளியும் புற ஊதாவும் பட்டால் வேஃபர்மேல் பூசிய போட்டோரெசிஸ்ட் கெட்டுவிடும் என்பதால் அந்த ஏற்பாடு. இவ்வளவுக்குப் பிறகும், ஒரு வேஃபரிலுள்ள நூற்றுக்கணக்கான சிப்புகளில் எத்தனை தேறின என்பதுதான் கணக்கு. அந்த விகிதம்தான் யீல்டு.

புது ஆலையில் அது எடுத்த எடுப்பில் நன்றாக வராது. புதுக் கல்லில் தோசை வராதது மாதிரிதான், கல் பழக வேண்டும். எந்த இயந்திரத்தில் வெப்பம் அரை டிகிரி நகர்கிறது, எந்தத் தொட்டியில் துகள் சேர்கிறது என்பதையெல்லாம் தினமும் ஓட்டித்தான் கண்டுபிடிக்க முடியும். எட்டு ஆண்டு ஓடாத ஆலையில் அந்த அறிவு யாரிடம் தங்கும்? தேர்ந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், அன்று நாம் இழந்தது கட்டடத்தை மட்டுமல்ல, ஓடிக்கொண்டே கற்கும் வாய்ப்பையும்தான். இழப்பீடு கொடுத்து அதை வாங்க முடியாது.

ஆகவே அரசிடம் நாம் கேட்க வேண்டியது அடிக்கல் நாட்டும் தேதியை அல்ல. தொலேராவில் முதல் இரண்டு ஆண்டு யீல்டு குறைவாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அங்கே முழு வேகத்தில் மாதம் 50,000 வேஃபர்கள் வரும் என்பது திட்டம். அத்தனையையும் வாங்குவது யார்? சிப் ஆலை கட்ட வேதாந்தாவும் ஃபாக்ஸ்கானும் ஆரவாரமாக ஒப்பந்தம் போட்டு 2023 ஜூலையில் பிரிந்ததைப் பார்த்தோம். அதுபோல இன்னும் சில முயற்சிகள் கவிழலாம். அப்போது "நமக்கு இதெல்லாம் வராது" என்று பேசும் குரல்கள் எழும். அந்த நேரத்தில் பணத்தை நிறுத்திவிடாத துணிவு வேண்டும். அரசு கொள்முதலில், மின் மீட்டரிலோ ஸ்மார்ட் கார்டிலோ, உள்நாட்டு சிப்புக்கு உறுதியான இடம் வேண்டும்.

இன்னொன்று. தொலேராவில் 28 நானோமீட்டர், அதற்கும் பெரிய அளவுகள்தான் வரப்போகின்றன. ஒரு மைக்ரானுக்கு ஆயிரம் நானோமீட்டர். தைவானில் 3 நானோமீட்டர் ஓடும்போது இது என்ன பெருமை என்று சிலர் கேட்கிறார்கள். 2021-இல் சிப் கிடைக்காமல் கார் ஆலைகள் நின்றனவே, அப்போது பெரும்பாலும் தட்டுப்பாடானவை இந்த முதிர்ந்த ரகச் சிப்புகள்தான். மொகாலி இன்றும் 180 நானோமீட்டரில்தான் செய்கிறது. ராக்கெட்டுக்கான 32 பிட் 'விக்ரம்' பிராசசர் அங்கே செய்ததுதான். சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசசர் வழியில் வந்த, விண்வெளிக்கான 'ஐரிஸ்' சிப்பும் அங்கேயே உருவானது. அதை மின்சுற்றுப் பலகையில் பொருத்தி முடித்தது சென்னை நிறுவனம் ஒன்று. சங்கிலி அறுந்துபோகவில்லை, மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாக உங்கள் ஊர் விஷயம். சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் இயந்திரப் பாகங்களுக்கான பூங்காக்கள் வரும் என்று 2025-இல் மாநில அரசு அறிவித்தது. பம்பும் லேத்தும் கோவைக்குப் புதிதல்ல. ஆனால் சிப் இயந்திரத்திலுள்ள வாக்வம் அறையின், அதாவது வெற்றிட அறையின், ஃபிளாஞ்ச் என்ற இணைப்பு விளிம்பில், சீல் உட்காரும் முகத்தில், நகம்கூட உணராத ஒரு கீறல் இருந்தால் போதும், காற்று கசிந்து அறை பயன்படாது. அப்படிப்பட்ட முகத்தைக் கடைந்து, அளந்து, கசிவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடக்கூடிய ஆட்கள்தான் அங்கே தேவைப்படுவார்கள். உங்கள் கல்லூரி முதல்வர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு ஒரு ஹீலியம் கசிவுச் சோதனைக் கருவி வாங்கிக் கொடுங்கள். விலை அதிகம்தான். இரண்டு மூன்று கல்லூரிகள் சேர்ந்து வாங்கினாலும் சரி. இந்த மாணவர்கள் படிப்பு முடிப்பதற்குள் அதில் கை பழகிவிடட்டும்.