இங்க நோட்டா ஜெயிச்சா கோப்பையே கிடையாது! ஹ்யூகோ விருது ஓட்டு எண்ணுற விதம்

[திரையில்: வெள்ளி ராக்கெட் கோப்பை]

2015 ஆகஸ்ட், அமெரிக்காவுல ஸ்போக்கேன் நகரம். அறிவியல் புனைகதை உலகத்தோட பெரிய விருது மேடை. சிறந்த சிறுகதை யாருக்கு? யாருக்கும் இல்ல. சிறந்த குறுநாவல்? யாருக்கும் இல்ல. எடிட்டருக்கான ரெண்டு விருதும் போச்சு. அறிவியல் புனைகதையைப் பத்தின நூல், விமர்சனம் மாதிரியானதுக்கு "தொடர்புடைய படைப்பு"ன்னு ஒரு பிரிவு, அதுவும் போச்சு. ஒரே ராத்திரியில அஞ்சு. அதுக்கு முந்தின மொத்த வரலாற்றையும் கூட்டினாலே அஞ்சு தடவைதான் இப்படி நடந்திருக்கு!

இது நடுவர் குழு வேலை இல்ல. ஓட்டுப் போட்ட 5,950 வாசகர்களோட வேலை.

பின்னணியை ஓட்டமா முடிச்சிடுவோம். வேர்ல்ட்கான்ங்கிற உலக அறிவியல் புனைகதை மாநாடு 1939ல நியூயார்க்ல ஆரம்பிச்சுது. ஹ்யூகோ விருது 1953ல ஃபிலடெல்ஃபியாவுல வந்துது. பேரு, அமேசிங் ஸ்டோரீஸ் பத்திரிகையை 1926ல தொடங்கின ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்கோடது. பரிந்துரைக்கிறதும் ஓட்டுப் போடுறதும் மாநாட்டு உறுப்பினர்கள். அவ்வளவுதான், இனி சண்டைக்கு வருவோம்.

நம்ம ஊர் சட்டமன்றத் தேர்தல்ல நோட்டாவுக்கு முதலிடமே கிடைச்சாலும், அடுத்து நிக்கிறவர் எம்.எல்.ஏ. ஆகிடுவார். ஹ்யூகோவுல "நோ அவார்ட்" நிஜமான வேட்பாளர். இறுதிப் பட்டியல்ல ஆறு படைப்பு, ஏழாவது அது. நீங்க 1, 2, 3னு வரிசை போடுறீங்க. யாருக்கும் பாதிக்கு மேல முதல் விருப்பம் விழலைன்னா, கடைசியில இருக்கிறவரை வெளியேத்தி, அந்தச் சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாத்துவாங்க. இப்படியே போய் ஒருத்தர் ஜெயிச்ச பிறகும் ஒரு சோதனை பாக்கி இருக்கு: அந்தப் படைப்பை நோ அவார்டுக்கு மேல வெச்சவங்க அதிகமா, கீழ வெச்சவங்க அதிகமா? கீழன்னா கோப்பை இல்ல.

நிறைய பேர் தப்புப் பண்ற இடம் இது. பிடிக்காத படைப்பைக் "கடைசியில தள்றேன்"னு நோ அவார்டுக்குக் கீழ 6, 7னு நம்பர் போட்டு எழுதுறாங்க. நோ அவார்ட் போட்டியை விட்டு வெளியேறினா, உங்க ஓட்டு நேரா அந்தப் படைப்புக்கே போய்ச் சேரும்! வேண்டாம்னா நோ அவார்டோட நிறுத்துங்க, மிச்சத்தைக் காலியா விடுங்க.

சரி, 2015ல என்ன ஆச்சு? சாட் பப்பீஸ், ராபிட் பப்பீஸ்னு ரெண்டு குழு "இதையெல்லாம் பரிந்துரை பண்ணுங்க"ன்னு பட்டியலே போட்டுக் கொடுத்தாங்க. மத்த வாசகர்களோட பரிந்துரை நூத்துக்கணக்கான படைப்புகள்ல சிதறிப் போச்சு. அதனால சில நூறு பேர் சேர்ந்தே சில பிரிவுகளை மொத்தமா அள்ளிட்டாங்க. கடுப்பான வாசகர்கள் இறுதி ஓட்டுல பழி தீர்த்துக்கிட்டாங்க.

இதுக்குக் கண்டுபிடிச்ச மருந்து "ஈ ப்ளூரிபஸ் ஹ்யூகோ". பேரைக் கேட்டுப் பயந்து வீடியோவை மூடிடாதீங்க, கணக்கு ரொம்ப அழகு. பேனா எடுங்க.

[திரையில்: அட்டவணை]

பரிந்துரைக்கிற கட்டத்துல, ஒரு பிரிவுக்கு உங்களுக்கு ஒரே ஒரு புள்ளி. சீட்டுல அஞ்சு படைப்போட பேரை எழுதினா ஒவ்வொண்ணுக்கும் 0.2. ஒண்ணே ஒண்ணு எழுதினா முழுப் புள்ளியும் அதுக்கே. இப்போ 200 பேர் கூட்டணி போட்டு ஒரே அஞ்சு நாவலை எழுதுறாங்கன்னு வெச்சுக்குவோம். ஒவ்வொண்ணுக்கும் 200 பரிந்துரை, ஆனா புள்ளி 40தான். இந்தப் பக்கம் சும்மா ரசிச்சு எழுதின கூட்டம். அவங்க பட்டியல்ல இருக்கிற சின்ன நாவல்கள் முதல் சுற்றுகள்லயே விழும். விழ விழ அந்தப் புள்ளி மிச்சமிருக்கிற நாவல்களுக்குத் திரும்பி ஏறும். 120 பேர் விரும்பின நாவல் ஒண்ணு மெல்ல 60 புள்ளியைத் தொடுது. இப்போ அடிமட்டத்துல நிக்கிறது யாரு? கூட்டணியோட 40கள்!

விதி என்னன்னா, புள்ளியில கடைசி ரெண்டு படைப்பை எடுத்து, அதுல யாரைக் குறைவான பேர் பரிந்துரைச்சாங்களோ அவரை வெளியேத்தணும். கூட்டணியோட ரெண்டு நாவல் தங்களுக்குள்ளயே மோதிக்கணும். நடைமுறையில ஓரிரு ஓட்டு முன்னபின்ன இருக்கும், அதனால ஒண்ணு விழும். மீதி நாலும் 50 ஆகும். இன்னொண்ணு விழுந்தா மூணும் 66. அப்புறம்தான் தப்பிக்கும். ஆக அவங்களோட அஞ்சு நாவலுக்கும் இடம் கிடைக்காது, ரெண்டு மூணுக்குக் கிடைக்கலாம். யாரையும் தடை பண்ணல, நோக்கம் என்னன்னு விசாரிக்கல. எனக்கு இந்த விதியில பிடிச்சதே அதுதான்.

ஆனா மருந்து 2017லதான் அமலுக்கு வந்துது! ஹ்யூகோ விதியை மாத்தணும்னா ஒரு வருஷ மாநாட்டுல உறுப்பினர்கள் கூடுற அலுவல் கூட்டத்துல நிறைவேறணும், அடுத்த வருஷக் கூட்டம் அதை உறுதி பண்ணணும். நடுவுல சிக்கின 2016ல அதே கூட்டணி திரும்ப வந்து, இன்னும் ரெண்டு பிரிவுல நோ அவார்ட்.

அந்த அலுவல் கூட்டத்தைப் பார்க்காம வேர்ல்ட்கான் போய்ட்டு வந்தேன்னு சொல்லாதீங்க. ராத்திரி பார்ட்டி, காலையில கூட்டம். தூக்கம் கெட்டவங்கதான் சட்டம் போடுறாங்க. தீர்மானத்துக்கு முன்மொழிபவர், வழிமொழிபவர் வேணும். விவாத நேரம் ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் சரிபாதி. கை தூக்கி முடிவு தெரியலைன்னா "செர்பன்டைன்" எண்ணிக்கை. ஆதரிக்கிற எல்லாரும் எழுந்து நிக்கணும். முதல் ஆள் "ஒண்ணு"ன்னு சத்தமாச் சொல்லி உட்காருவார், பக்கத்து ஆள் "ரெண்டு". வரிசை வரிசையா பாம்பு மாதிரி வளைஞ்சு போகும். நாவல்ல விண்மீன் தாண்டுறவங்க, இங்க வாய்விட்டு எண்ணுறாங்க!

நேர்ல நடக்குற கூட்டத்துல, வந்தவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு. இது நியாயமே இல்லன்னு நான் சொல்வேன். சியாட்டில் 2025ல மாநாட்டுக்கு முன்னாடியே, ஜூலையில, ஆன்லைன்ல நடத்தினாங்க.

புதுப் பிரிவு கேட்கிறவங்க தோக்குறது வரையறையிலதான். "சிறந்த தொடர்" பிரிவைப் பாருங்க: குறைஞ்சது மூணு பாகம், மொத்தம் 2,40,000 சொல். தோத்த தொடர் திரும்ப வரணும்னா இன்னும் ரெண்டு பாகம், இன்னும் 2,40,000 சொல். ஜெயிச்சது திரும்ப வரவே முடியாது. இந்தப் பூட்டு இல்லன்னா வருஷா வருஷம் ஒரே தொடர்தான் நிக்கும். வெள்ளோட்டத்துக்கும் வழி இருக்கு: ஒவ்வொரு மாநாடும் சிறப்புப் பிரிவு ஒண்ணு தானாவே சேர்க்கலாம். 2021ல வீடியோ கேம் அப்படித்தான் வந்துது, 2024ல நிரந்தரப் பிரிவாவே ஆச்சு. 2025ல கவிதை வந்துது.

வரையறை தளர்ந்தா என்ன ஆகும்? அதுக்குத்தான் அந்தத் "தொடர்புடைய படைப்பு". 2019ல ஜெயிச்சது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்ங்கிற ரசிகர் புனைவு இணையதளம், முழுசா! 2020ல ஜீனெட் இங்கோட விருது ஏற்புரை. ஆமா, விருது வாங்குறப்போ பேசின பேச்சுக்கே விருது. பத்து வருஷம் உழைச்சு எழுதின விமர்சன நூலும் அதே வரிசையிலதான் நிக்கணும். என் கட்சி: நூலுக்குத் தனி, மத்ததுக்குத் தனி. எதிர்க்கட்சி கேட்கிற கேள்வியும் வலுவானது: பிரிச்சா ரெண்டு பிரிவுக்கும் போதுமான ஓட்டு விழுமா? 

ஓட்டு வேணுமா? நேர்ல போகாத உறுப்பினர் கட்டணம் சியாட்டில் 2025க்கு 50 டாலரா இருந்துது. இறுதிப் பட்டியல் படைப்புகள் பலதும் மின்நூலா வரும், ஆனா அது பதிப்பாளர்களோட நல்லெண்ணம், உரிமை இல்ல. கள்ள ஓட்டுக்கு ஆசைப்படாதீங்க: கிளாஸ்கோ 2024ல 377 ஓட்டைச் செல்லாதுன்னு தள்ளினாங்க. சில பேர்கள்ல முதல் எழுத்து மட்டும் அகர வரிசையில மாறிட்டே போயிருக்கு!

2026 மாநாட்டுக்குக் குறிச்ச தேதி ஆகஸ்ட் 27 முதல் 31 வரை, இடம் கலிஃபோர்னியாவுல அனஹைம். தொடர்புடைய படைப்பைப் பிரிக்கலாமா, கூடாதா? கமென்ட்ல சண்டை போடுங்க, ஆனா வரையறையோட வாங்க.