கட்டிலுக்கு மேலே ஒரு சீல்

வணக்கம் மக்களே. இதோ, இந்தப் படத்தைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். கட்டிலில் கணவனும் மனைவியும். அவர்கள் தலைக்கு மேலே ஒரு சீல், அதான் கடல்நாய், எட்டிப் பார்க்கிறது. மனைவி எரிச்சலாகச் சொல்கிறாள்: "சரி, நீ சொன்னபடியே இருக்கட்டும். சீல் குரைத்தது உனக்குக் கேட்டது!"

வரைந்தவர் ஜேம்ஸ் தர்பர், அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர். 1932இல் நியூயார்க்கர் என்ற அமெரிக்கப் பத்திரிகையில் வந்தது. அவர் முதலில் வரைய நினைத்தது பாறை மேல் உட்கார்ந்த சீல்தானாம். பாறை சரியாக வரவில்லை, கட்டிலின் தலைமாட்டுப் பலகை மாதிரி ஆகிவிட்டது. சரி, கட்டிலாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆளையும் படுக்க வைத்துவிட்டார்!

அவர் கிறுக்கிப் போட்ட தாள்களை எடுத்து, மை போட்டு, பத்திரிகைக்கு அனுப்பியவர் நியூயார்க்கர் அலுவலகத்தில் அதே அறையில் வேலை பார்த்த எழுத்தாளர் ஈ. பி. ஒயிட். இந்தக் கட்டில் படத்துக்கு முன்பே வரைந்த முதல் சீல் படம் திரும்பி வந்தது. சீலின் மீசை எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ வரைந்தும் காட்டியிருந்தார்கள். தர்பரின் சீலுக்கு மீசை இப்படித்தான் இருக்கும் என்று எழுதி, ஒயிட் மறுபடி அனுப்பினார். நண்பன் என்றால் இப்படி ஒருவர் வேண்டும்.

இதில் விஷயம் என்னவென்றால், தர்பருக்கு ஒரு கண்தான். 1894இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரில் பிறந்தவர். சிறுவயதில் வில் அம்பு விளையாட்டில் அண்ணன் விட்ட அம்பு ஒரு கண்ணைக் கொண்டுபோய்விட்டது. கல்லூரியில் தாவரவியல் வகுப்பு. எல்லோரும் மைக்ராஸ்கோப்பில் செல்லைப் பார்த்து வரைய, இவருக்கு மட்டும் பால் கொட்டினாற்போல ஏதோ தெரியும். ஒருநாள் புள்ளி புள்ளியாக என்னவோ தெரிய, ஆசை ஆசையாக வரைந்து காட்டினார். பேராசிரியர் அலறிவிட்டார். இவர் வரைந்திருந்தது லென்ஸில் தெரிந்த தன் கண்ணையே! 1933இல் வந்த சுயசரிதையில் இவரே எழுதியது. கொஞ்சம் ஜோடித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இருக்கட்டுமே.

பகல் கனவிலேயே வாழும் வால்டர் மிட்டி என்பவரைப் பற்றி இவர் எழுதிய கதை வந்தது 1939இல். முதலில் அதைப் படியுங்கள், ஒரு காபி நேரம்தான்.

அப்புறம் மிச்சக் கண்ணும் மங்கிப்போனது. படம் நின்றது, எழுத்து நிற்கவில்லை. பத்தி பத்தியாக மனதிலேயே கட்டி வைத்து, பிறகு சொல்லச் சொல்ல எழுத வைப்பார். சாப்பாட்டு மேசையில் அப்பா பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று மகள் கேட்பாளாம்.

"இல்லை, ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்" என்பாராம் மனைவி.