போன் அலறினால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். 2023 அக்டோபரில் ஒருநாள் தமிழ்நாடு முழுக்கக் கைப்பேசிகள் திடீரென அலறின, ஞாபகம் இருக்கிறதா? பயந்து எடுத்துப் பார்த்தால், ‘இது சோதனைச் செய்தி’ என்று திரையில் ஓடியது. பேரிடர் எச்சரிக்கையை அனுப்பும் செல் பிராட்காஸ்ட் என்ற முறையின் ஒத்திகை அது.

குறுஞ்செய்தி ஒவ்வொரு எண்ணாகத் தேடிப் போகும். லட்சக்கணக்கானோருக்கு அனுப்பும்போது நேரம் பிடிக்கும். செல் பிராட்காஸ்டுக்கு உங்கள் எண்ணே வேண்டாம். டவர் ஒலிபரப்பும், அதன் எல்லைக்குள் இருக்கும் போன்கள் ஒரே சமயத்தில் வாங்கிக்கொள்ளும். ஊருக்குப் புதிதாக வந்தவர் போனிலும் ஒலிக்கும். இன்டர்நெட்டும் தேவையில்லை.

ஆனால் டவர் வேண்டுமே! சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, மின்சாரம் போனது, சார்ஜ் தீர்ந்தது, பல பகுதிகளில் சிக்னலும் செத்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அதில் 11ஆம் எண்ணுக்கு என்ன பொருள் தெரியுமா? ‘வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது.’ தகவல் வராது என்பதையே ஒரு தகவலாக்கிய அந்தப் பழைய ஆட்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

அப்புறம், செய்தியின் வாசகம். ‘செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி உபரிநீர் திறப்பு, அடையாற்றின் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.’ சரி, ஆனால் சைதாப்பேட்டையில் கரையோரம் குடியிருக்கும் ஒரு அம்மாவுக்குக் கன அடி எதற்கு? தண்ணீர் தன் தெருவுக்கு வருமா, எத்தனை மணிக்கு வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க இடம் இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். எனக்கு இதுதான் பெரிய குறையாகப் படுகிறது. ஆட்டோவில் மைக் கட்டி வருபவர் இந்த இடத்தில் ஜெயிக்கிறார்: “ஏம்ப்பா, எந்த ஸ்கூலு?” என்று அவரை நிறுத்திக் கேட்கலாம். போனிடம் கேட்க முடியாது.

சென்னை மாநகராட்சி உதவி எண் 1913, மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை 1070. இரண்டையும் போனில் மட்டும் சேமித்துவைக்காதீர்கள். போன் அணைந்துபோனால் எப்படிப் பார்ப்பீர்கள்? பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உங்கள் தெருவில் இன்னும் லேண்ட்லைன் வைத்திருக்கும் வீடு எது என்று விசாரித்து, அதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.