ஓய்வுபெற்ற குருவானவரும் ஆன்மிக வழிகாட்டுதலும்

கனம்பொருந்திய ஆயர்களே, ஐயரம்மாமார்களே, சபையோரே,

பணி நிறைவுக்குப் பின் குருவானவர் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பாளையங்கோட்டையில் ஆயத்த விடைகள் உண்டு: கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கம், ஆயர் இல்லாத சபைக்குத் திருவிருந்து ஆராதனை, உறவினர் வீட்டுத் திருமணங்கள். நான் வந்துசேர்ந்த பணி வேறு. ஒருவர் மாதம் ஒருமுறை வந்தமர்ந்து தம் ஜெப வாழ்வில் நடப்பதைச் சொல்ல, தேவன் அவரை எப்பக்கம் நடத்துகிறார் என்று அவரோடு சேர்ந்து தேடுவதே அது.

சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளில், பணியில் இருந்தபோது இதை நான் செய்திருக்க முடியாது. நேரமின்மையைவிடப் பெரிய தடை அதிகாரம். ஞானஸ்நானச் சான்றும், கலியாண ஓலையும், பள்ளியில் இடம் கேட்கும் சிபாரிசுக் கடிதமும் எவர் கையில் இருக்கின்றனவோ, அவரிடம் போய், தம்மால் பல வருடங்களாக ஜெபிக்க முடியவில்லை என்று எந்தச் சபை மூப்பரும் சொல்லமாட்டார். ஓய்வுபெற்று அந்தக் கையொப்பம் செல்லாததான பிறகுதான், கடிதம் எதுவும் கேளாமல் சிலர் என் வீட்டுக்கு வந்தார்கள். (நம் ஊரில் ஒருவர் ஐயர், அதாவது குருவானவர், வீட்டுக்குப் போனாலே, கலியாணம் பெண்ணுக்கா பையனுக்கா என்று தெரு கேட்கும், அதைத் தாங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.)

அவர்களுக்குச் செவிகொடுக்க எனக்குப் பயிற்சி தேவைப்பட்டது. அதற்காக இயேசு சபைக் குரு ஒருவரிடம் தியானத்துக்குச் சென்றேன். சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்தின் மரபில் வளர்ந்த நமக்கு, குருவிடம் மனந்திறப்பது என்றாலே, கத்தோலிக்கர் குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் என்ற ஐயம் எழும். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகமே, மனச்சாட்சி அமைதியடையாதவன் விவேகமுள்ள ஒரு குருவிடம் சென்று தன் துக்கத்தைத் திறக்கலாம் என்கிறது. 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரை உருவாக்கியவர், இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. அவர் குருப்பட்டம் பெற்றது 1537இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிறருக்கு ஆன்மப் பயிற்சிகளை அளித்து வந்தார். பயிற்சி கொடுப்பவர் ஒரு பக்கமும் சாயாமல், சிருஷ்டிகர் அந்த ஆத்துமாவோடு நேரடியாக இடைபட விடவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. நாற்பது நிமிடப் பிரசங்கத்தில் பழகிய நாவுக்கு இது கடினமான ஒழுக்கம். வந்தவர் பேசி நிறுத்தியதும் வசனம் ஒன்று நம் வாயில் வந்து நிற்கும். அதை அடக்கி, அந்த ஜெப வேளையில் உங்களுக்குள் என்ன நிகழ்ந்தது என்று மட்டும் கேட்கவேண்டும். வேதாகமத்தில், கண் மங்கிய ஆசாரியன் ஏலி, தனக்குக் கேளாத தேவ சத்தத்தைச் சிறுவன் சாமுவேலுக்கு விளக்கிச் சொல்லவில்லை. பதில் சொல்லும் விதத்தை மட்டும் கற்பித்து, அவனைத் திரும்பப் படுக்க அனுப்பினான்.

உறக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவற்றோடு வருபவரை மனநல மருத்துவரிடம் தாமதமின்றி அனுப்பவேண்டும். ஜெபம் அதற்கு மாற்றாகாது. வழிகாட்டுபவரும் தமக்கென ஒரு வழிகாட்டியிடம் செல்லவேண்டும்.

நம் திருமண்டலச் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைகளின்) சூழலில் இன்னும் நுட்பமான எல்லை ஒன்று உண்டு. வருபவர் தற்போதைய சேகர குருவானவரைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினால், அல்லது சபைத் தேர்தல் பேச்சை எடுத்தால், ஓய்வுபெற்றவர் வீடு எதிர்க்கட்சி அலுவலகமாகிவிடும். ஆகவே கடைசியாகப் பணியாற்றிய சேகரத்தாரை நான் ஏற்பதில்லை. அவர்களை வேறொரு குருவானவரிடம் அனுப்புகிறேன், அவர் தம் சேகரத்தாரை என்னிடம் அனுப்புகிறார்.