நாலரை மணி நேரமும் கவனமாக இருக்காதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு கோல்ஃப் ஸ்விங் இல்லை, கிரிப் இல்லை, புது டிரைவர் மட்டை வாங்கலாமா வேண்டாமா என்ற பஞ்சாயத்தும் இல்லை. முதல் ஒன்பது ஹோலை அழகாக ஆடிவிட்டு, பதினொன்று பன்னிரண்டு வரும்போது ஆள் எங்கேயோ போய்விடுகிறாரே, உடம்பு மட்டும் டீயில் (ஹோலின் முதல் ஷாட் அடிக்கிற இடத்தில்) நிற்கிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், புல் வெட்டுகிறார்கள், எனக்காக நிறுத்தச் சொல்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "18 ஹோலும் கவனம் சிதறாமல் ஆட வேண்டும்" என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்களே, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது நடக்கிற காரியம் இல்லை, அதோடு அப்படி முயற்சி செய்கிறவர்கள்தான் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கவிழ்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் முறை வந்து, இடைஞ்சல் எதுவும் இல்லாமல் அடிக்கலாம் என்ற நிலை வந்த பிறகு 40 வினாடிக்குள் ஷாட்டை அடித்துவிடுங்கள் என்று கோல்ஃப் விதிகளிலேயே ஒரு பரிந்துரை இருக்கிறது. நம்மைப் போன்ற ஒருவர் ரவுண்டுக்கு 90 ஷாட் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 பெருக்கல் 40, 3600 வினாடி, அதாவது சரியாக ஒரு மணி நேரம். ஆனால் ரவுண்டு முடிய எவ்வளவு ஆகிறது? நாலு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருந்தால் நாலரை. அப்படியென்றால் மூன்று மூன்றரை மணி நேரம் நீங்கள் கோல்ஃபே ஆடவில்லை. நடக்கிறீர்கள், நிற்கிறீர்கள், முன்னால் போகிற குழு கிரீனை (குழி இருக்கிற வழவழப்பான புல்தரையை) விட்டு எப்போது நகரும் என்று முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அடுத்தவர் பந்தைப் புதருக்குள் தேடுகிறீர்கள்.

ரவுண்டு கெடுவது பெரும்பாலும் அந்த மூன்றரை மணி நேரத்தில்தான், அடிக்கிற ஒரு மணி நேரத்தில் இல்லை. நடக்கும்போது போன ஷாட்டை மனசுக்குள் இன்னும் நாலு தடவை அடிக்கிறோம், வரப்போகிற தண்ணீர் ஹோலை இப்போதே நினைத்து வயிற்றைக் கலக்கிக்கொள்கிறோம். கடைசியில் பந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது கவனம் என்ற சரக்கே தீர்ந்து போயிருக்கிறது. சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு, பச்சை விழுந்ததும் ஒரே இழுப்பில் கிளப்புகிற ஆட்டோக்காரர்தான் இதில் நமக்கு வாத்தியார். அவர் நாள் முழுக்க ஓட்டுகிறார், பெட்ரோலும் மிச்சம்.

சரி, எப்படி அணைப்பது, எப்படிக் கிளப்புவது? நான் செய்வது ரொம்பச் சின்ன விஷயம். கிளவ். ஷாட் அடித்ததும், பந்து எங்கே போய் நின்றாலும் சரி, இடது கையின் வெல்க்ரோவைச் சரக்கென்று பிரித்துக் கழற்றிப் பின் பாக்கெட்டில் செருகிவிடுவேன், பாதி விரல் வெளியே தொங்குகிற மாதிரி. அதோடு அந்த ஷாட்டின் கதை முடிந்தது. அப்புறம் கேடியோடு (பையைத் தூக்கி வருபவரோடு) கிரிக்கெட் பேசலாம், மரத்தில் உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தியைப் பார்க்கலாம், வீட்டுக்கு மளிகை என்ன வாங்க வேண்டும் என்றுகூட யோசிக்கலாம். பந்துக்குப் பக்கத்தில் போய், தூரம் கேட்டு, காற்றைப் பார்த்து, எந்தக் கிளப் (மட்டை) என்று முடிவு செய்த பிறகுதான் கிளவ் திரும்பவும் கைக்கு ஏறும். வெல்க்ரோ ஒட்டியபின் யோசனைக்கு இடம் இல்லை. ஏழாம் நம்பர் கிளப்பா எட்டா என்ற சந்தேகம் அப்போது வந்தால் கிளவ்வைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். சென்னை வெயிலில் கை வேர்த்துக் கிளவ் ஊறாமல் இருப்பதற்கும் இது நல்லது, அது தனிக் கணக்கு.

அப்புறம் அந்த 40 வினாடிக்குள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்க்கிறேன், பெரிய மரம் இல்லை, மரத்தில் ஒரு கிளை. பிறகு பந்துக்கும் அந்தக் கிளைக்கும் நடுவே, பந்துக்கு ஓரிரு அடி முன்னால், புல்லில் ஒரு பழுப்புப் புள்ளியோ பந்து வைக்கிற உடைந்த டீக் குச்சியோ ஏதாவது கிடைக்கும், அதற்கு நேராகக் கிளப் முகத்தை வைக்கிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை, 18 மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள்தான் மேஜர்) ஜெயித்த ஜாக் நிக்லாஸ் செய்தது. தூரத்தில் இருக்கிற கொடியைவிடக் காலடியில் இருக்கிற புள்ளியில் மனசு சுலபமாக நிற்கும். மூச்சை ஒருமுறை முழுசாக வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைகிறேன். அடிக்கிறேன். அவ்வளவுதான்.

இதெல்லாம் நல்ல ஷாட்டுக்குச் சரி, கேவலமான ஷாட்டுக்குப் பிறகு என்ன செய்வது? இந்த இடத்தில் ஜோர்டன் ஸ்பீத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 2016 மாஸ்டர்ஸ், கடைசி ரவுண்டு, ஒன்பது ஹோல் முடிந்தபோது ஐந்து ஷாட் முன்னணி. பத்தில் போகி (ஹோலுக்கு வைத்திருக்கிற கணக்கான பாரைவிட ஒரு ஷாட் அதிகம்), பதினொன்றில் போகி, பன்னிரண்டாவது 155 கெஜம் மட்டுமே உள்ள பார் 3, அதாவது மூன்று ஷாட்டில் முடிக்க வேண்டிய ஹோல். முதல் பந்து ரேஸ் க்ரீக் ஓடையில். டிராப் செய்து (வேறு பந்தைக் கீழே போட்டு) அடித்த பந்தும் அதே ஓடையில். கடைசியில் அந்த ஹோலுக்கு ஏழு. டேனி வில்லெட் ஜெயித்துவிட்டார். உலகமே இந்தப் பையன் இனி எழுந்திருப்பானா என்று பேசியது.

அடுத்த வருஷம், 2017 பிரிட்டிஷ் ஓபன், ராயல் பர்க்டேல் மைதானம். அதே ஸ்பீத், மூன்று ஷாட் முன்னணியோடு கடைசி ரவுண்டுக்கு வருகிறார், அதையும் தொலைத்துவிட்டு மேட் கூச்சருடன் சமநிலையில் பதின்மூன்றாவது டீயில் நிற்கிறார். டிரைவ் (ஹோலின் முதல் அடி) வலது பக்கம் எங்கேயோ போகிறது, சாதாரண வலது இல்லை, மணல்மேட்டைத் தாண்டிப் புதருக்குள். அங்கிருந்து அடிக்கவே முடியாது. அன்பிளேயபிள் (ஆட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு ஷாட் அபராதத்தோடு இடம் மாற்றுவது) எடுத்துப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் பயிற்சி மைதானம் வருகிறது, அங்கே கிளப் தயாரிக்கிற கம்பெனிக்காரர்களின் டிரக்குகள் வரிசையாக நிற்கின்றன. நடுவரைக் கேட்கிறார், பேசுகிறார், மேட்டில் ஏறிக் கிரீன் எந்தத் திசை என்று பார்க்கிறார், இறங்குகிறார். இருபது நிமிடத்துக்கும் மேல். கடைசியில் பயிற்சி மைதானத்திலிருந்து, கிரீன் கண்ணுக்கே தெரியாமல், மேட்டுக்கு மேலாக அடித்து, ஒருவழியாக போகியில் முடித்தார். ஒரு ஷாட் பின்தங்கினார். அப்புறம்தான் கூத்து: பர்டி (பாரைவிட ஒன்று குறைவு), ஈகிள் (இரண்டு குறைவு), பர்டி, பர்டி. நான்கு ஹோலில் ஐந்து ஷாட்டைக் குறைத்து, மூன்று ஷாட் வித்தியாசத்தில் கோப்பை.

எல்லோரும் அந்த நான்கு ஹோலைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த இருபது நிமிடம்தான் முக்கியம். அவ்வளவு நேரமும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது "இங்கிருந்து குறைந்த சேதத்தில் எப்படி வெளியே வருவது" என்ற ஒரே கேள்வி, பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. ஏன் அப்படி அடித்தோம் என்பதற்கு அங்கே நேரமே கொடுக்கவில்லை. கூச்சரையும் மறக்கக் கூடாது, பாவம் மனுஷன். கிரீன் பக்கத்தில் அந்த இருபது நிமிடமும் சும்மா நின்றார், அப்படி நின்று ஆறிப்போன பிறகும் பதினைந்தில் ஒரு பர்டி, பதினேழில் ஒரு பர்டி அடித்தார். கவனம் சிதறாமல்தான் ஆடினார், தோற்றார். கோல்ஃபில் அதுவும் உண்டு. மனசு சரியாக இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று யாராவது கோர்ஸ் விற்றால் காசு கொடுக்காதீர்கள்.

காத்திருப்பது என்றதும் அதிதி அசோக் ஞாபகம் வருகிறார். டோக்கியோ ஒலிம்பிக்ஸ், 2021 ஆகஸ்ட். நம் ஊரில் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட விடியற்காலையில் டிவி போட்டு உட்கார்ந்த நாள் அது. தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்த பெங்களூர்ப் பெண், பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தது அவருடைய அம்மா. கூட ஆடியவர்கள் நெல்லி கோர்டா, லிடியா கோ. டிரைவில் அதிதி அவர்களைவிடப் பல கெஜம் பின்னால். தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும், அதனால் ஹோலுக்கு ஹோல் இவர்தான் நீளமான கிளப்பை எடுத்து முதலில் அடிக்கிறார், மற்றவர்கள் பிறகு சாவகாசமாகச் சின்ன ஐயன் கிளப்பில் அடிக்கிறார்கள். அந்த நிலையில் நமக்கெல்லாம் என்ன தோன்றும்? அடுத்த டீயில் கொஞ்சம் பலமாக விட்டுப் பார்ப்போமா என்றுதான். அவர் அந்தப் பக்கமே போகவில்லை, தன் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்பாதை), தன் பட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டுவது) என்று இருந்தார். கடைசி ஹோல்கள் பாக்கி இருக்கும்போது இடி மழை வந்து ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கி, ஒரே ஒரு ஷாட்டில் வெண்கலம் தப்பி நான்காவது இடம். பதக்கம் வரவில்லைதான், ஆனால் தன்னைவிட நீளமாக அடிப்பவரோடு ஆடுகிற யாரும் அந்த ரவுண்டின் ஹைலைட்ஸைத் தேடிப் பாருங்கள்.

நம் லெவலுக்கு வருவோம். நம் ஆட்களின் கவனத்தைக் கெடுப்பதில் முதல் இடம் மனக்கணக்குக்கு. "இன்னும் மூன்று பார் போட்டால் 90-க்குள் வந்துவிடும்" என்ற எண்ணம் பதினைந்தாவது டீயில் வந்ததோ, முடிந்தது கதை. ஸ்கோர்கார்டை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தால் எழுதுங்கள், கூட்டாதீர்கள். கூட்டுவதற்கு கிளப் ஹவுஸில் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, தண்ணீர் ஹோல் வந்ததும் பையைத் துழாவி அந்தக் கீறல் விழுந்த பழைய பந்தை எடுக்கிறோமே, அது. பந்தைத் தண்ணீருக்கு நேர்ந்துவிட்டுத்தான் அடிக்கவே போகிறோம். நல்ல பந்திலேயே அடியுங்கள், போனால் போகட்டும். அதற்கு மனசு வரவில்லை என்றால் ரவுண்டு முழுக்கப் பழைய பந்திலேயே ஆடுங்கள், தப்பே இல்லை.

மூன்றாவது வயிறு, இதை யாரும் மதிப்பதில்லை. காலை ஆறு மணிக்கு வெறும் காபியோடு ஆரம்பித்து, ஒன்பது ஹோல் முடிந்ததும் பிரெட் ஆம்லெட்டும் டீயும் முழுசாக இறக்கிவிட்டு, பத்தாவது டீயில் கண் சொக்கினால் அதற்குப் பெயர் மனப் பிரச்சினை இல்லை. பையில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் அல்லது ஓஆர்எஸ். மூன்று நாலு ஹோலுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. ஊட்டியில் ஆடுகிறவர்களுக்கு தாகமே தெரியாது, அங்கேயும் குடியுங்கள், ஏற்றமும் இறக்கமுமாக நடக்கிறீர்கள். போனை பைக்குள் போட்டு ஜிப்பை மூடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம், தெரிந்தும் செய்ய மாட்டீர்கள்.

கோபம் வந்தால் என்ன செய்வது? வரட்டும். அந்தக் காலத்தில் வால்டர் ஹேகன் என்று ஒருவர், 11 மேஜர் ஜெயித்தவர், ஒரு ரவுண்டுக்கு ஏழு மோசமான ஷாட் வரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துத்தான் போவாராம். அவருக்கே ஏழு என்றால் நமக்கு இருபது வைத்துக்கொள்ளலாம். அப்படிப் போனால் முதல் ஹோலில் பந்து பங்கருக்குள் (மணல் பள்ளத்துக்குள்) போகும்போது "சரி, இருபதில் ஒன்று" என்று நடக்க முடியும். இங்கே கேடிகளிடமும் கற்றுக்கொள்ளலாம். சார் கிளப்பைத் தரையில் ஓங்கி அடித்து நிற்கும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், ஈரத் துண்டால் அடுத்த கிளப்பைத் துடைத்து நீட்டி, "இங்கிருந்து நூத்தி நாப்பது சார், காத்து எதிர்ல" என்பார்கள். ஆறுதலும் இல்லை, பாடமும் இல்லை, அடுத்த ஷாட்டுக்கான தகவல் மட்டும். அதை நீங்களே உங்களுக்குச் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாக ஒன்று. பதினெட்டாவது கிரீனில் கை குலுக்கியதும் அணைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், போட்டி ஆடுகிறவர்கள் முக்கியமாக. 1968 மாஸ்டர்ஸ், அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ, அன்றைக்கு அவருக்கு 45ஆவது பிறந்தநாள் வேறு. கடைசி ரவுண்டில் 65 அடித்தார். பதினேழாவது ஹோலில் அவர் அடித்த மூன்றை, கார்டு எழுதிய கூட்டாளி டாமி ஆரன் நான்கு என்று எழுதிவிட்டார். இவர் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதிகமாக எழுதி கையெழுத்துப் போட்டால் அந்த ஸ்கோர்தான் நிற்கும் என்பது விதி. 65 இருந்தது 66 ஆனது, சமநிலையில் இருந்த பாப் கோல்பியோடு மறுநாள் ஆட வேண்டிய பிளே-ஆஃப் போயே போய்விட்டது.

அதனால் கார்டு கைக்கு வந்ததும் உட்காருங்கள், ஒன்றிலிருந்து பதினெட்டு வரை ஒவ்வொரு ஹோலாகக் கூட்டாளி வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் தலையாட்டுங்கள். இரண்டு நிமிட வேலை. அதற்கப்புறம் கையெழுத்து, அதற்கப்புறம் டீ. அடுத்த வாரம் மூன்றடி தூரத்துப் பட்டிங்கைப் பற்றிப் பேசலாம், அதில் எனக்கு நிறையப் பேரோடு சண்டை இருக்கிறது.